முதலில் வந்தவளின் கை

ஒரே வருஷத்தில் எனக்கு அது மூன்றாவது பள்ளிக்கூடம்.

முதல் பள்ளிக்கூடத்தில் மானேஜர் வீட்டம்மாள் சாயங்காலமானால் என்னை மாவாட்டக் கூப்பிட்டாள். கையெழுத்து அழகாக இருப்பவளுக்கு மாவும் பதமாக வரும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. இரண்டாவது பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்தரில் முப்பத்திரண்டு பிள்ளைகள், பாயில் ஒன்பது பிள்ளைகள். மீதிப் பேர் எங்கே என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். மறுவாரம் மூட்டையோடு கெங்கவல்லிக்கே, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தேன்.

"இதுதான் கடைசி, மயிலு. இங்கேயும் நிலைக்கலேன்னா வீட்டோட வந்து இருந்துடு" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

வீட்டோடு இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் தாலி அறுத்தவளுக்கு அண்ணன் வீட்டில் அடுப்படிதான் இடம். காலையில் யாராவது வெளியே கிளம்பினால் அந்த அடுப்படிக் கதவையும் சாத்திக்கொள்ள வேண்டும். என் முகத்தில் முழித்துவிட்டுப் போனால் போகிற காரியம் விளங்காதாம். அண்ணனை அழுது கெஞ்சித்தான் சேலத்தில் டிரெயினிங் முடித்தேன். எனக்கு என்று ஒரு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், அதில் காலையில் நான் போய் நின்றால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆசைதான் எனக்கு இருந்தது.

ஆகவே 1943-ஆம் வருஷம் ஜூன் மாதம், நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓடிய கரி பஸ்ஸிலிருந்து இறங்கி, மூன்று மைல் புழுதியில் ஓடைக்கரட்டூருக்கு நடந்தபோது ஒரு முடிவோடுதான் நடந்தேன். எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடமாக இருந்தாலும் சரி, இதை விடுவதில்லை.

ஊர் என்று சொல்ல அங்கே இருபது வீடும் ஒரு மாரியம்மன் கோயிலும்தான். மற்றக் குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கொரு தோட்டத்தில், கிணற்றடியிலேயே வீடு கட்டிக்கொண்டு இருந்தன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே அரை மைல் சோளக்காடு. இங்கே நடப்பது அங்கே தெரிய வேண்டுமானால் ஆள் போய்ச் சொன்னால்தான் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாள் மறந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் இருந்தது. ஒரு காலத்தில் பருத்திக் கிடங்கு. மண் சுவர், நாட்டு ஓடு, பாரவண்டி மாட்டோடு உள்ளே நுழையும் அகலத்துக்கு இரட்டைக் கதவு. கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். உள்ளே எந்நேரமும் பழைய பருத்திவிதையின் எண்ணெய் வாசனை அடிக்கும்.

அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியின் வாசனை.

அந்த ஜூனில் அங்கே ஒரு தூறல்கூட விழுந்திருக்கவில்லை.

ஊர் மணியக்காரர் தங்கசாமிதான் பள்ளிக்கூடத்துக்கும் மானேஜர். பருமனான, பயந்த மனிதர். படியில் ஏறாமல் கீழே நின்றபடியே கையை எட்டி நீட்டிச் சாவியைக் கொடுத்தார்.

"புள்ளைங்க எல்லாரும் ஒண்ணாத்தான் வருவாங்க, வாத்தியாரம்மா. பத்து மணி ஆயிப்போகும். நேரமா வரோணும்னு யாரையும் கண்டிச்சுப் போடாதீங்க."

"ஒன்பதரைக்கு ஆரம்பிக்கணும்னு விதி இருக்குதுங்களே."

"விதி கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் பிள்ளைகள் வந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பாதை பிரிகிற இடத்தில் இருந்த சுமைதாங்கிக் கல்லடியில் கூடி, பதினேழு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே வரிசையாக வந்தார்கள். படியருகே வந்ததும் நின்றார்கள். மூத்தவன் ஒருவன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். அத்தனை பேரும் ஒரே தாவலில் வாசலைத் தாண்டி உள்ளே குதித்தார்கள். ஒருவர் கால் முந்தியது, ஒருவர் கால் பிந்தியது என்று யாரும் சொல்ல முடியாது.

என் சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் பத்து மணிப் பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவராது. இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஒன்பதரைக்கு வந்து நின்றால் என் மூன்றாவது மூட்டையையும் கட்ட வேண்டியதுதான். யோசித்து, நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் ஊர் வாத்தியார் செய்ததையே செய்யலாம் என்று முடிவு செய்தேன். பழைய பள்ளிக்கூடங்களில் அது எங்கேயும் உண்டு. முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் வாத்தியார் ஒரு வட்டம் போடுவார். இரண்டாவது வருவதற்குப் பிரம்பால் ஒரு அடி, மூன்றாவதுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வருகிற பிள்ளை பாவம்.

"அந்தக் காலத்துல அப்படி. நான் யாரையும் அடிக்க மாட்டேன். ஆனா நாளையிலேருந்து முதல்ல வர்ற பிள்ளைக்குக் கையில வட்டம் போடுவேன்" என்று சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பையன் அழ ஆரம்பித்தான்.

ஒரே ஒருத்தி முகம் மட்டும் மலர்ந்தது. பாப்பாயி. ஆறு வயது, காதில் வேப்பங்குச்சி, கையில் செம்புக் காப்பு. அவள் அப்பனும் அம்மா பொன்னாயியும் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்து அப்போதுதான் இரண்டு மாதம். அவள் பேச்சில் எங்கள் ஊர்ப் பேச்சின் சாடை அடிக்கும். அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"நெசமாவா டீச்சர்? மொதல்ல வந்தா வட்டமா?"

"நெசமாத்தான்."

மறுநாள் எனக்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தாள். சாக்கட்டியால் அவள் கையில் வட்டம் போட்டேன். அது அழிந்துவிடும் என்று மத்தியானக் கூழை இடது கையால் குடித்தாள். நான்கு நாள் அவள்தான் முதல். மற்றவர்கள் பழையபடி கைகோத்துத்தான் வந்தார்கள்.

ஐந்தாம் நாள் நான் போனபோது பாப்பாயி படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை நீட்டினாள்.

"ஒரு அடி போடுங்க டீச்சர். இன்னைக்கு நான் ரெண்டாவது."

"அப்போ முதல்ல வந்தது யாரு?"

மூடிய கதவைக் காட்டினாள். "உள்ள உக்காந்திருக்கா."

பூட்டு என் கண்முன் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. கதவுக்கு வலப்பக்கம், சுவரோரமாக, ஒரு சின்னப் பிள்ளை சம்மணம் போட்டு உட்காரும் அளவு தரை மட்டும் ஈரமாக இருந்தது. ஆட்டுக்குட்டி வாசனை மூக்கில் ஏறியது. எலி ஏதோ தண்ணீர்ப் பானையைத் தட்டிவிட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பானை எப்போதும் வெளியேதான் இருக்கும் என்பது மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

அதன்பிறகு பாப்பாயி இன்னும் சீக்கிரம் வர ஆரம்பித்தாள். எட்டு மணிக்கு வந்தாள். ஏழுக்கு வந்தாள். ஒவ்வொரு நாளும் முகம் வாடி, கை நீட்டி, "இன்னைக்கும் ரெண்டாவதுதான் டீச்சர்" என்றாள். கற்பனைப் பிள்ளையோடு போட்டி போடுகிறாள் என்று நினைத்து, "வட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம், எல்லாரோடயும் சேர்ந்து வா" என்று அதட்டினேன். தலையை ஆட்டினாள். கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை கோழி கூவியதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மனசு என்னவோ செய்தது. நான் தங்கியிருந்தது கண்ணாத்தாள் என்கிற நடுவயதுப் பெண்ணின் வீட்டில். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுத்து வைப்பவளும் அவள்தான். அவளை எழுப்பாமல் கிளம்பினேன். கிழக்கே சாம்பல் நிறமாக வெளுத்துக்கொண்டிருந்தது. சோளத்தட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஓடைப் பக்கம் வந்ததும் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

பாப்பாயி பள்ளிக்கூடப் படியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் பனி.

குனிந்து அவளைத் தூக்கப் போனேன். அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

சிலேட்டில் குச்சி உரசும் சத்தம்.

எழுதுகிற சத்தம் இல்லை அது. ஒரே சீராக, சுற்றிச் சுற்றி வருகிற சத்தம். ஒரு வட்டம். நிற்கும். மறுபடியும் ஒரு வட்டம்.

"யாரு?" என்றேன்.

சத்தம் நின்றது.

கதவுக்கும் படிக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. அந்த இருட்டிலிருந்து, மெதுவாக, தரையோடு தரையாக, ஒரு சின்னக் கை வெளியே வந்தது.

உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது.

அப்படியே இருந்தது.

பாப்பாயியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு ஓடையில் போயிற்று. அதை இன்றுவரை தேடவில்லை.

கண்ணாத்தாள் எழுந்து வாசலில் நின்றிருந்தாள். என் கோலத்தைப் பார்த்தாள். பாப்பாயியை வாங்கிப் பாயில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கையைப் பார்த்துப்போட்டீங்களா சாமி?"

நான் தலையை ஆட்டினேன்.

"அது எம்பட புள்ளைங்க. ஆராயி. இருந்தா இந்த ஆடிக்கு இருபது வயசு ஆகியிருக்கும்."

அழாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கே சுப்பையன் என்று ஒரு வாத்தியார். வட்டமும் அடியும் அவர் வழக்கம். ஆராயி ஆடுகளை மேய்ச்சலில் விட்டுவிட்டு வருவதால் தினமும் அவள்தான் கடைசி. பதினைந்து, பதினாறு அடி. உள்ளங்கை தோலுரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் அழுவாளாம். "ஒரு நாளைக்காவது மொதல்ல போயி வட்டம் வாங்கிப்போடோணும் ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

"ஒருநா ராத்திரி பூராவும் மழைங்க. வெடியால பார்த்தா பாயில புள்ளை இல்லை. எந்நேரத்துக்கு எந்திரிச்சுப் போனாளோ தெரியலை. கதவோரம் நனைஞ்சு போயி, கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. பாம்போ பூச்சியோ தொட்டுதா, குளுருதான் கொன்னுதா, தெரியலைங்க. வாத்தியாரு வந்து பார்த்துட்டு, இன்னைக்கு நீ மொதல்லயா ஆராயின்னு சிரிச்சிருக்காரு. சாக்கட்டியை எடுத்துக் கையில வட்டம் போட்டிருக்காரு. போட்டு முடிச்சப்பறந்தா கை சில்லுன்னு இருந்தது தெரிஞ்சிருக்குது."

சுப்பையன் அன்றே ஊரைவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஐந்து வாத்தியார்கள் வந்தார்கள், ஐந்து பேரும் ஓடினார்கள். அந்தப் பிள்ளையை யாரும் முந்தக்கூடாது, யாரும் தனியாக அவளுக்கு இரண்டாவதாகவும் போய் நிற்கக்கூடாது என்று ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். அதனால்தான் அந்தக் கைகோத்த வரிசை.

"ஏங்க எனக்கு முன்னாடியே சொல்லலை?"

"சொல்லிக் கேட்டவங்க எல்லாம் ஓடிப்போயிட்டாங்க சாமி. எம்பட புள்ளைக்கு ஒரு வாத்தியாரு வேணுமுங்களே."

"நீங்களே வட்டம் போடக் கூடாதா?"

"போட்டுப் பார்த்தனுங்க." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான்னு தெரிஞ்சதும் கையை இழுத்துக்கிச்சுங்க. வாத்தியாரு போட்டாத்தா அது வட்டம்."

ஓடிவிடலாம் என்றுதான் அன்று முழுக்க நினைத்தேன். எங்கே ஓடுவது? அண்ணன் வீட்டு அடுப்படிக்கா? அதைவிட, பாயில் பாப்பாயி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆசையை மூட்டி விட்டது நான். நான் ஓடினால் அவள் போட்டி போடுவதை யார் நிறுத்துவது?

மறுநாள் பொழுது கிளம்பும் முன்னே போனேன். சாக்கட்டியைப் பிடித்திருந்த கை வேர்த்து, அது பாதி கரைந்துவிட்டது. பூட்டைத் திறந்தேன். உள்ளே இருட்டு. ஈர வாசனை. வலப்பக்கச் சுவரைப் பார்க்காமல் உட்கார்ந்து, "ஆராயி, கையை நீட்டும்மா" என்றேன்.

என் முழங்கால்மேல் ஏதோ வந்து படிந்தது.

கிணற்றுக்குள் கிடந்த கல்லின் குளிர்ச்சி.

கண்ணை மூடிக்கொண்டு, தடவிப் பார்த்து, அந்த உள்ளங்கையைப் பிடித்தேன். நடுவில் தழும்பு தழும்பாக மேடு தட்டியது. சாக்கட்டியை வைத்துச் சுற்றினேன். வட்டம் முடிந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பிறகு என் கையில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

அன்று பாப்பாயியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இனிமே யாருக்கும் வட்டம் கிடையாது. சுமைதாங்கிக் கல்லுகிட்ட நின்னு எல்லாரோடயும் சேர்ந்துதான் வரணும். தனியா வந்தா நான் பேசவே மாட்டேன்." அந்தக் கடைசி மிரட்டல்தான் வேலை செய்தது.

பயமும் நாளாவட்டத்தில் பழகித்தான் போகிறது. தினமும் விடிகிற நேரத்தில் போய் வட்டம் போட்டுவிட்டு வருவது, பல் விளக்குவதுபோல ஆகிவிட்டது. ஊரெல்லாம் முழிக்கக்கூடாது என்று ஒதுக்குகிற முகத்துக்காக ஒருத்தி விடியுமுன் காத்திருக்கிறாளே என்றுகூட ஒருநாள் நினைத்தேன். சனி ஞாயிறு லீவென்றால் அவள் வருவதில்லை. லீவை மூலையைப் பார்த்து ஒருதரம் சொல்லிவிட்டால் போதும். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு நல்லபடியாக எழுதிவிட்டுப் போனார்.

அக்டோபரில் சேலத்திலிருந்து கடிதம் வந்தது.

பெண்களுக்கான பெரிய பள்ளிக்கூடம். எட்டு வகுப்பு, பத்து ஆசிரியைகள், தங்க விடுதி, தோட்டம், புத்தக அலமாரி. டிரெயினிங்கில் இருந்தபோது அதன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். எப்போதோ போட்ட விண்ணப்பத்துக்கு இப்போது, வெள்ளிக்கிழமை நேரில் வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். என் பள்ளிக்கூடம் அதுதான் என்று மனசு குதித்தது. கண்ணாத்தாளிடம்கூட ஊருக்குப் போவதாகப் பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை ஆஜர் எடுத்தேன். பிள்ளைகளிடம், "நாளைக்கு லீவு. யாரும் வரக்கூடாது" என்று மூன்று தரம் சொன்னேன். அவர்கள் போனபின் மூலையைப் பார்த்து, "ஆராயி, நாளைக்கு லீவும்மா" என்றேன். கதவைப் பூட்டிவிட்டு நாமக்கல் போய், பஸ் ஏறிவிட்டேன்.

சேலத்தில் தலைமை ஆசிரியை கண்ணாடி போட்ட, கனிவான அம்மாள். மூன்றாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார். ரிஜிஸ்தரைக் கையில் கொடுத்து, "முதலில் பெயர் கூப்பிடுங்கள்" என்றார். கூப்பிட்டேன். வெள்ளையும் சொள்ளையுமாகப் பெண் பிள்ளைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். ஏழாவது பெயருக்குப் பதில் வரவில்லை.

"அவள் வரவில்லை டீச்சர்" என்றது ஒரு குரல்.

பேனாவை எடுத்து அந்தப் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன்.

போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

நேற்றும் ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஓடைக்கரட்டூரில். பாப்பாயிக்கு நேரே. ஒன்றுவிட்ட தம்பிக்குக் காதுகுத்து என்று வாழப்பாடி போயிருந்தாள். ராத்திரி திரும்பியிருப்பாள். சோளக்காட்டுக்கு நடுவே அந்தத் தோட்டத்து வீட்டுக்கு, இன்று லீவு என்று யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அந்த அம்மாள் என்னவோ கேட்டார். நான் ரிஜிஸ்தரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

ராசிபுரம் வந்து சேருமுன்பே கரி பஸ் நின்றுவிட்டது. கிளீனர் பின்னால் போய்க் கரியடுப்பை ஊத ஊதப் புகைதான் வந்தது. நானும் இறங்கி, அடுப்புக்குக் காற்றடிக்கும் கைப்பிடியைச் சுற்றினேன். சேலையெல்லாம் கரி. சுமைதாங்கிக் கல்லடியில் அவள் நின்றிருப்பாள். யாரும் வந்திருக்க மாட்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள், நான்தான் கடைசி, டீச்சர் பேசமாட்டாங்க என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தனியே ஓடியிருப்பாள். அங்கேயும் யாரும் இல்லை. ஆராயிகூட இல்லை. நான்தான் அவளை வராதே என்றுவிட்டேனே.

அன்றைக்கு நிஜமாகவே பாப்பாயிதான் முதல். ஆராயியை முந்திவிட்டாள்.

ஒருவழியாகப் பஸ் கிளம்பி வந்து என்னை இறக்கிவிட்டது; அங்கிருந்து மூன்று மைலும் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் முன் ஊரே நின்றது. பொன்னாயியின் அழுகை மட்டும் தனியாகக் கேட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றுதான் அவள் காட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாப்பாயி கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, கடிவாய் இல்லை. மழை பெய்யாத அந்த நாளில் அவள் தலையும் பாவாடையும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன.

வலது கை முழங்கால்மேல், விரிந்து, மேலே பார்த்து இருந்தது.

கண்ணாத்தாள் கூட்டத்திலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

வேலை எனக்குத்தான் என்று சேலத்திலிருந்து உத்தரவு வந்தது. பாதியில் ஓடிவந்தவளுக்கு எப்படிக் கொடுத்தார்களோ, அந்த அம்மாளுக்கு என்மேல் என்ன இரக்கமோ. இரண்டு முறை எழுதினார்கள். இரண்டையும் மறுத்து எழுதிவிட்டு இங்கேயே இருந்துவிட்டேன். இதோ ஐந்து வருஷம் ஆகப்போகிறது. சம்பளம் கூடவில்லை, பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஜன்னலும் வைக்கவில்லை. நல்ல பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே என்ன செய்கிறாய் என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? பாப்பாயி போனபின் வந்த திங்கட்கிழமை விடிகாலையில் நான் போய்ப் பூட்டைத் திறந்தேன். அதே இருட்டு. அதே ஈர வாசனை. சுவரோரம் உட்கார்ந்து, "ஆராயி, கையை நீட்டும்மா" என்றேன்.

முழங்கால்மேல் குளிர்ச்சி வந்து படிந்தது. தழும்பு மேட்டைத் தடவிப் பார்த்து வட்டம் போட்டேன். விரல்கள் மூடிக்கொண்டன.

நான் எழுந்திருக்கப் போனேன்.

இருட்டில் செம்புக் காப்பு ஒன்று தரையில் தட்டியது.

என் இன்னொரு முழங்கால்மேல், இன்னும் சின்னதாக, இன்னும் மெத்தென்று, ஒரு கை வந்து படிந்தது. அதற்கும் வட்டம் போட நினைத்து, அழுதுகொண்டே சாக்கட்டியை அதன்மேல் வைத்தேன். கை விலகிக்கொண்டது. மறுபடியும் வந்து படிந்து, நன்றாக விரிந்து, அசையாமல் இருந்தது.

அது இரண்டாவதாக வந்த கை. ஒரு அடிக்காகக் காத்திருந்தது.

இன்று காலையும் காத்திருந்தது.